ஒரே நாள், மூன்று ஊர்: ஜெர்மனியில் தேவாலய நடைக்கு எங்கே போகலாம்?

பெர்லினுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் நாலைந்து நாளில் அந்தக் கேள்வி வந்துவிடும். சுவரின் மிச்சத்தைப் பார்த்தாயிற்று, பிராண்டன்பர்க் வாயில் முன்னால் படம் எடுத்தாயிற்று. “நெஜமாவே பழைய சர்ச் ஒண்ணும் இல்லையா இந்தப் பக்கம்?” என்று அம்மா கேட்டார். கொலோன் பேராலயத்தைச் சொல்லலாம். ஆனால் அது ஒற்றைக் கட்டடம். ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே நிற்கும், அண்ணாந்து பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு வகை. சின்ன ஊர், இரண்டு மூன்று பழைய தேவாலயங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேசிக்கொண்டே நடந்து போகிற தூரம், சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

இப்படிப் பார்த்தால் வடக்கு ஜெர்மனியில் மூன்று ஊர்கள் போட்டிக்கு நிற்கின்றன: விட்டன்பெர்க், லூபெக், ஹில்டெஸ்ஹைம். மூன்றுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. மூன்றுக்கும் நான் போயிருக்கிறேன், ஆனால் அப்பா அம்மாவை அழைத்துப் போக ஒரே ஒரு சனிக்கிழமைதான் கையில் இருந்தது. அப்பாவுக்கு முட்டி வலி. ஆகவே கோபுரம் ஏறுவது, கருங்கல் பாவிய தெருவில் மணிக்கணக்காக நடப்பது எல்லாம் கணக்கில் வராது. நல்ல வேளையாக, தேவாலயம் என்றால் உட்கார பெஞ்சு இருக்கும்.

முதலில் விட்டன்பெர்க். பெர்லினிலிருந்து மிக அருகில் இருப்பது இதுதான், விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மார்ட்டின் லுத்தரின் ஊர். 1517 அக்டோபர் 31 அன்று பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்துத் 95 கருத்துகளைக் கோட்டைத் தேவாலயத்தின் கதவில் ஆணியடித்து மாட்டினார் என்பது பள்ளிப் புத்தகக் கதை. மைன்ஸ் பேராயருக்கு அவற்றை அவர் அன்று அனுப்பியது உறுதி. சுத்தியலைக் கையில் எடுத்தாரா என்பதில் மட்டும் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கதவு இப்போது இல்லை. ஏழாண்டுப் போரின்போது, 1760-ல், தேவாலயத்தோடு சேர்ந்து எரிந்துபோனது. இன்று எல்லாரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது 1858-ல் வைத்த வெண்கலக் கதவு. 95 கருத்துகளும் லத்தீனில் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கட்டடத்தின் இன்றைய தோற்றமும், 88 மீட்டர் கோபுரம் உட்பட, 1892-ல் முடிந்த புதுப்பிப்பில் வந்ததுதான். உள்ளே லுத்தரின் கல்லறை இருக்கிறது, நண்பர் மெலாங்தோனின் கல்லறையும் இருக்கிறது. அவை நிஜம். மற்றபடி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனி தன் நாயகனுக்குக் கட்டிக்கொண்ட நினைவு மண்டபம் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. கடைவீதியில், ஓரமாக ஓடும் சின்ன வாய்க்காலைப் பார்த்தபடி ஒரு ஐந்தாறு நிமிடம் நடந்தால் சந்தைச் சதுக்கம், அதன் பின்னால் இரட்டைக் கோபுரத்தோடு புனித மரியாள் தேவாலயம். லுத்தர் ஆண்டுக்கணக்காகப் பிரசங்கம் செய்த இடம் இதுதான். ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையில் தீட்டி 1547-ல் வைத்த பீட ஓவியம் உள்ளே இருக்கிறது. நடுப்பலகையில் இராப்போசனம், அதுவும் வட்ட மேசையில். சீடர்களில் ஒருவர் தாடி வைத்த லுத்தர். வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது அவர் போட்ட வேடம் அது. இடப்பக்கப் பலகையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் மெலாங்தோன். அவர் போதகரே இல்லை, பேராசிரியர். கீழே நீளப் பலகையில் லுத்தர் பிரசங்க மேடையிலிருந்து கை நீட்ட, எதிரே சபையார் உட்கார்ந்திருக்க, இரண்டுக்கும் நடுவே வெறும் தரையில் சிலுவை. சீர்திருத்தத் திருச்சபை தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஒரு பலகையில் அடங்கிவிடுகிறது. இதற்காக மட்டுமே அந்த ஊருக்குப் போகலாம்.

இதே தேவாலயத்தின் வெளிச்சுவரில், உயரத்தில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அகற்றச் சொல்லிப் போட்ட வழக்கை 2022-ல் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதன் கீழே தரையில் 1988-ல் பதித்த நினைவுத் தகடு இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்து போகும். நீங்கள் நின்று பாருங்கள். லுத்தர் யூதர்களைப் பற்றி எழுதியவற்றையும் சேர்த்துத்தானே அந்த ஊரின் கதை.

தமிழ் லுத்தரன் குடும்பம் என்றால் நான் எழுதும் ஒப்பீடெல்லாம் வேண்டாம், நேராக விட்டன்பெர்க் போங்கள். நேரமிருந்தால் அங்கிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம் தள்ளி ஹாலேவுக்கும் போங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அங்கே படித்தவர். அவருடைய அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். அங்கே உள்ள பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஆனால் அது தனியாக ஒரு நாளைக் கேட்கும் விஷயம்.

நடை தூரம் என்று பார்த்தால் மூன்றில் மிகக் குறைவு விட்டன்பெர்க்தான், இரண்டு தேவாலயங்களுக்கும் இடையே அரைக் கிலோமீட்டர்கூட வராது. ஒரு சிக்கல், ரயில் நிலையம் ஊரின் கிழக்குக் கோடியில், கோட்டைத் தேவாலயம் மேற்குக் கோடியில்.

அடுத்தது லூபெக். பெர்லினிலிருந்து ஹாம்பர்க் போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் முக்கால் மணி. போக மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஹாம்பர்க்கில் இருப்பவர்களுக்கோ இது பக்கத்து வீடு, அவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

ஆறும் கால்வாயும் சூழ்ந்த தீவு பழைய லூபெக். ஐந்து பெரிய தேவாலயங்கள், ஏழு கூரிய கோபுரங்கள், எல்லாம் செங்கல். இந்தக் கடற்கரைப் பக்கம் கட்டடக்கல் கிடைக்காது, அதனால் பிரான்சில் கல்லில் கட்டியதை இவர்கள் சுட்ட செங்கல்லில் கட்டினார்கள். வணிகர்களின் ஊர். ஆயரின் பேராலயத்தைவிடத் தங்கள் தேவாலயம் உயரமாக நிற்க வேண்டும் என்ற வீம்பில் எழுப்பியது புனித மரியாள் தேவாலயம். உள்ளே வளைகூரையின் உயரம் 38.5 மீட்டர், செங்கல்லில் கட்டியவற்றுள் உலகிலேயே உயரமானது. உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக மேலே போகும்.

கதைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். 1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறு விடியும் நேரம், பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. தெற்குக் கோபுரத்தில் இருந்த மணிகள் எரியும் கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கின. விழுந்த இடத்திலேயே, உடைந்தபடியே, இன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு நடந்தது வேறு கதை. வெப்பத்தில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, அடியில் இடைக்கால ஓவியங்கள் தெரிந்தன. அவற்றைச் சீர்செய்யப் போன குழுவில் லோத்தார் மல்ஸ்காட் என்ற ஓவியர் இருந்தார். பீடப் பகுதியின் மேற்சுவரில் பழசு ஒன்றும் மிஞ்சவில்லை என்றதும் அவரே புதிதாக வரைந்துவிட்டார். அரசாங்கம் 1951-ல் தபால்தலை வெளியிடும் அளவுக்குப் பெருமைப்பட்டது. மறு ஆண்டு அவரே போய், “நான்தான் வரைந்தேன்” என்று ஒப்புக்கொண்டார். சிறைக்கும் போனார்.

இசைப் பிரியர்களுக்கு இன்னொன்று. இங்கே ஆர்கன் வாசித்தவர் புக்ஸ்டெஹூட. அவர் வாசிப்பைக் கேட்க 1705-ல் இருபது வயது பாக் (பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர்), ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர் நடந்தே வந்தார். நான்கு வாரம் விடுப்பு சொல்லிவிட்டு வந்தவர், திரும்பிப் போகும்போது மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, வேலை கொடுத்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். புக்ஸ்டெஹூடவின் பதவிக்கு வர நினைப்பவர் அவர் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அவரும் தனக்கு முன்பிருந்தவரின் மகளைக் கட்டியவர்தான். பாக்குக்கு இரண்டு ஆண்டு முன்னால் வந்து பார்த்த இசையமைப்பாளர் ஹாண்டல் நாசூக்காக நழுவிவிட்டார்.

இங்கிருந்து ஐந்து நிமிடத்தில் புனித யாக்கோபு தேவாலயம். கடலோடிகளுக்கானது, அன்றைய குண்டுவீச்சில் தப்பியது. 1957-ல் அட்லாண்டிக்கில் மூழ்கிய பாமீர் என்ற பாய்மரக் கப்பலின் உயிர்காப்புப் படகு ஒன்று உள்ளே கிடக்கிறது. கப்பலில் இருந்தவர்கள் 86 பேர், பிழைத்தவர்கள் 6 பேர். படகின் உடைந்த பலகைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வராது.

பேதுரு தேவாலயத்துக் கோபுரத்தில் மின்தூக்கி உண்டு, முட்டி வலிக்காரர்களும் ஊரை மேலிருந்து பார்க்கலாம். எகிடியஸ் தேவாலயம் சின்னது, நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். தெற்குக் கோடியில் பேராலயம். 1173-ல் அடிக்கல் போட்டது. உள்ளே பெர்ண்ட் நோட்கே செதுக்கிய பதினேழு மீட்டர் உயரச் சிலுவை.

லூபெக்கின் குறை இந்த நிறைவுதான். ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி ஐந்தையும் தொட்டுத் திரும்பினால் சுமார் நான்கு கிலோமீட்டர், பாதித் தெரு உருண்டைக் கற்கள். ஒவ்வொரு தேவாலயத்திலும் தனித்தனிக் கதை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு பிடிப்பதற்குள் கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும், நடுவில் மார்சிபான் (பாதாம் இனிப்பு) கடை வேறு இழுக்கும். போவதென்றால் பேதுரு, மரியாள், யாக்கோபு என்று மூன்றோடு நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அல்லது அங்கே ஒரு இரவு தங்குங்கள். பெர்லினிலிருந்து காலையில் போய் இரவு திரும்புவதற்கு ஏற்ற ஊர் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஹில்டெஸ்ஹைம். இந்தப் பெயரைச் சொன்னாலே “அது எங்கே?” என்பார்கள். ஹனோவரிலிருந்து அரை மணி, பெர்லினிலிருந்து நேர் ரயிலில் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் வழியில் அழகு ஒன்றும் கிடையாது. அறுபதுகளின் கான்கிரீட் கடைகள், அப்புறம் டோனர் கபாப் கடைகள். 1945 மார்ச் 22 அன்று, போர் முடிய ஏழு வாரம்கூட இல்லாத நேரத்தில், குண்டுவீச்சில் ஊர் எரிந்தது. அதன் விளைவு இது. அப்பா ஒரு மாதிரியாகத்தான் என்னைப் பார்த்தார்.

பத்துப் பதினைந்து நிமிட நடையில், ஒரு சிறு மேட்டின் மேல், புனித மிக்கேல் தேவாலயம். பையில் 2014-ஆம் ஆண்டு இரண்டு யூரோ நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஜெர்மனி அந்த வருடம் வெளியிட்ட நினைவு நாணயத்தில் இருப்பது இந்தக் கட்டடம்தான். கட்டியவர் ஆயர் பெர்ன்வர்ட். பேரரசர் மூன்றாம் ஓட்டோவுக்குச் சிறுவயதில் ஆசிரியராக இருந்தவர். 1010-ல் அடிக்கல் போட்டு, 1022-ல் அர்ச்சிப்பு நடத்தி, அதே ஆண்டில் இறந்துபோனார். நிலவறையில் அவருடைய கல்சவப்பெட்டி இருக்கிறது. நிலவறை கத்தோலிக்கருடையது, மேல்தளம் லுத்தரன்களுடையது. கீழே திருப்பலி, மேலே ஆராதனை, ஒரே கட்டடம்.

உள்ளே நுழைந்ததும் தூண்களைப் பாருங்கள். ஒரு சதுரத் தூண், இரண்டு உருண்டைத் தூண், மறுபடி ஒரு சதுரம், இரண்டு உருண்டை. நடக்க நடக்க அது தாளம் போலக் காலில் ஏறிக்கொள்ளும். மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். அதற்கும் மேலே அந்த மரக்கூரை. 27 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 1300 ஓக் பலகைகள், பதின்மூன்றாம் நூற்றாண்டின் வண்ணம். ஒரு கோடியில் ஆதாமும் ஏவாளும், அடுத்து உறங்கும் ஈசாய் (தாவீது அரசரின் தந்தை), அவன் உடலிலிருந்து முளைக்கும் வம்ச மரம், அரசர்கள், மரியாள், கிறிஸ்து. 1943-ல் முன்யோசனையோடு கழற்றி ஒளித்து வைத்ததால் கூரை தப்பியது. சுவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பெரும்பகுதி போருக்குப் பின் எழுப்பியவை. விட்டன்பெர்க்கைக் குறை சொன்ன நான் இதையும் சொல்லத்தான் வேண்டும். கழுத்து வலிக்காமல் பார்க்க ஒரு வழி: பெஞ்சில் உட்கார்ந்து, செல்பேசியை மடியில் மல்லாக்க வைத்து, செல்ஃபி கேமராவைத் திறந்துவிடுங்கள். கூரை மடியில் வந்து விழும்.

அங்கிருந்து பேராலயம் பத்து நிமிடத்துக்குள். ஊர் நெடுக நடைபாதையில் வெள்ளை ரோஜாக் குறிகள் வழிகாட்டும், வரைபடம் தேவையில்லை. மிக்கேலை முதலில் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். காரணம் உண்டு. பெர்ன்வர்ட் 1001-ல் ரோமாபுரிக்குப் போனவர். அங்கே பேரரசர் டிராஜனின் வெற்றித் தூணைச் சுற்றிப் போர்க்காட்சிகள் சுருள் சுருளாக ஏறுவதைப் பார்த்தவர் ஊருக்குத் திரும்பி, அதே பாணியில், இயேசுவின் வாழ்க்கையிலிருந்து 24 காட்சிகளை வெண்கலத் தூணாக வார்க்க வைத்தார். அது முதலில் நின்றது மிக்கேல் தேவாலயத்தில், இப்போது இருப்பது பேராலயத்தில். ஒருவர் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் அங்கிருந்து தூக்கிக்கொண்டு போன சாமானைப் பார்ப்பது போல. இடையில் நடக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. மற்ற இரண்டு ஊர்களிலும் இது எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அந்தக் கதவு. 1015 என்று அதிலேயே பொறித்திருக்கிறது. உயரம் ஏறக்குறைய 4.7 மீட்டர், இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் ஒரே வார்ப்பு. துண்டு துண்டாக வார்த்து ஒட்டியது இல்லை. இடப் பலகையில் படைப்பில் தொடங்கி எட்டுக் காட்சிகள் கீழே இறங்கி, காயீன் ஆபேலைக் கொல்வதில் முடிகின்றன. வலப் பலகையில் மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்வதில் தொடங்கி, எட்டுக் காட்சிகள் மேலே ஏறி, உயிர்த்த இயேசு மகதலா மரியாளுக்குத் தோன்றுவதில் முடிகின்றன. இறக்கமும் ஏற்றமும் பக்கத்தில் பக்கத்தில். மிக்கேலின் கூரையில் பார்த்த அதே ஆதாம் ஏவாள் இங்கேயும் நிற்கிறார்கள், ஆனால் இவர்கள் இருநூறு வருடம் மூத்தவர்கள்.

நான்காவது காட்சியை விட்டுவிடாதீர்கள். கடவுள் விரல் நீட்டி ஆதாமைக் கேட்கிறார். ஆதாம் கூனிக் குறுகி, இலையால் மறைத்துக்கொண்டு, ஏவாளைக் காட்டுகிறான். ஏவாள் குனிந்து காலடியில் கிடக்கும் பாம்பைக் காட்டுகிறாள். பழி கை மாறிக் கை மாறித் தரைக்கு வந்துவிடுகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுல டம்ளர் உடைஞ்சா இதே கதைதானே” என்றார். அப்பா அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிட்டார்.

ஊர் எரிந்த அன்று பேராலயமும் தரைமட்டம். கதவையும் தூணையும் முன்கூட்டியே அகற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். பின்பக்கச் சுவரில் படர்ந்திருந்த காட்டு ரோஜாச் செடி மட்டும் இடிபாட்டில் புதைந்து எரிந்தது. சில வாரங்களில் வேரிலிருந்து துளிர் விட்டது. ஆயிரமாண்டு ரோஜா என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பேரரசர் பக்திமான் லுட்விக் இங்கே கிளையில் மாட்டிய புனிதப் பண்டம் கழற்ற வராமல் போனதால்தான் இந்த இடத்தில் ஆலயம் எழுந்தது என்று ஐதிகம்.

நேரமும் காலும் ஒத்துழைத்தால் தெற்கே இன்னொரு பத்து நிமிடத்தில் புனித கொடேஹார்ட் தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம், போரில் பெரிதாகச் சேதம் இல்லாமல் தப்பியது. அசல் பழைய கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று ஊரிலும் நான் இதைத்தான் சொல்வேன். கூட்டம் இருக்காது. புனித அந்திரேயா கோபுரம் 114.5 மீட்டர், 364 படி. இளைஞர்களுக்கு விடுங்கள்.

எந்த ஊர் போனாலும் ஞாயிறு காலை வேண்டாம், வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். கிளம்பும் முன் அந்தந்தத் தேவாலயத்தின் பார்வை நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் (உள்ளூர், பிராந்திய வண்டிகளுக்கான மாதச் சீட்டு) வைத்திருப்பவர்கள் விரைவு ரயிலில் ஏற முடியாது. பிராந்திய ரயிலில் விட்டன்பெர்க் மட்டும்தான் பெர்லினிலிருந்து சௌகரியமாக ஒரு நாளில் அடங்கும். கைக்காசு பார்க்கிற மாணவர்களுக்கு அதனால் அதுவே நல்லது. ஹில்டெஸ்ஹைமுக்கு விரைவு ரயில் செலவு உண்டு. நாங்கள் அதைச் செய்தோம், வருத்தமில்லை.

ரோஜா பூப்பது மே கடைசி, ஜூன் தொடக்கம் என்று சுமார் இரண்டு வாரம்தான். நாங்கள் போனது செப்டம்பர். பூவுக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சிவப்புக் காய்கள். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். “ஆயிரம் வருஷச் செடி, சும்மா இரு” என்றார் அப்பா. கையை எடுத்துக்கொண்டு அம்மா என்னைக் காட்டினார்: “இவன்தான் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.”